எடை சொல்லும் கைகள்

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, பஞ்சு மூட்டையின் வாயைப் பிரித்து, ராதோய் கையை உள்ளே விடுகிறார். விரல் அடியைத் தொடும்வரை துழாவுகிறார். சாவா ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, சுல்தான் சீமையிலிருந்து, வருகிற மூட்டையில் கொள்ளைநோய் ஒளிந்திருந்தால் முதலில் இந்தக் கையில்தான் கட்டி கிளம்பும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இக்கரைப் பேரரசர் அவருக்குச் சம்பளம் தருகிறார். பயமில்லையா என்று கேட்டால், "மூட்டை என்ன பாம்பா? எதுவா இருந்தாலும் இருபத்தியோரு நாள்ல தெரிஞ்சிடப்போகுது" என்பார்.

கடைசி மூட்டையைத் தொட்டதிலிருந்து இருபத்தொரு நாள் அவரை யாரும் தொடக்கூடாது; இடையில் புது மூட்டையையோ அக்கரை ஆளையோ தொட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. ரொட்டியைக்கூட நீளமான மரத்துடுப்பில் வைத்துத்தான் நீட்டுவோம். நான் இந்தத் தனிமைக்கூடத்து எழுத்தன். அக்கரைக் கடிதங்களை இடுக்கியால் பிடித்து, நோய் போகப் புகை காட்டுவதும், ராதோயின் நாட்களை ஏட்டில் குறிப்பதும் என் வேலை.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மூட்டையை இரு கையிலும் ஏந்தி, இரண்டு தரம் ஏற்றி இறக்கி, எடையைச் சொல்லிவிடுவார். ஒருநாள் தராசு வேறு எடை காட்டியது. "தராசுக்குத்தான் ஏதோ கோளாறு, பாருங்கய்யா" என்றார். பார்த்தோம். முள் வளைந்திருந்தது! அன்றைக்கு முழுக்க அவரைப் பிடிக்க முடியவில்லை.

நேற்று அவருக்கு இருபதாம் நாள். அடிக்கடி வந்துபோகும் அக்கரை வியாபாரி ஜுல்பிகார் ஆகா படகிலிருந்து இறங்கும்போது பலகை சறுக்கி, வெள்ளத்தில் விழுந்துவிட்டார். நாங்கள் ஆளாளுக்குக் கோலை நீட்டினோம். எட்டவில்லை. "மனுஷன் போறான்யா!" என்று கத்திக்கொண்டே குதித்தவர் ராதோய் ஒருவர்தான். இடுப்புக் கச்சையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

தண்ணீரைக் கக்கிவிட்டு ஜுல்பிகார் ஆகா முதலில் சொன்னது, "அடப்பாவி, உன் நாளெல்லாம் போச்சேப்பா!"

"போனா போகுது ஆகா. நாள் திரும்ப வரும், நீ வருவியா?"

அக்கரை ஆளைத் தொட்டாயிற்று. சட்டப்படி நான் ஏட்டில் 'முதல் நாள்' என்று எழுதினேன். காலைக்கூட நனைக்காதவன் நான். எழுதும்போது வெட்கமாக இருந்தது.

இன்று காலை அவர் மனைவி ஸ்தாங்கா வந்தாள். ராதோய் உள்ளே வந்தபிறகு பிறந்த பெண்குழந்தைக்கு இன்று நாற்பதாம் நாள். தேவாலயத்தில் ஆசி வாங்கிக்கொண்டு நேரே தனிமைக்கூடத்தைச் சுற்றியுள்ள இரட்டை வேலிக்கு வந்துவிட்டாள். "வாய்யா வெளிய! இன்னியோட முடிஞ்சுதுல்ல?"

நான்தான் விஷயத்தைச் சொன்னேன். என்னையும் காவலனையும் ஆகாவையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். "அந்தக் கோலையெல்லாம் அடுப்புல வைங்க!" பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராதோய் உள்வேலி வரை வந்து நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"ஊர் மூட்டைக்கெல்லாம் எடை சொல்லுவியே, இவ எவ்வளவுன்னு சொல்லு பாப்போம்."

"தூக்காம எப்படிடீ சொல்றது?"

சொல்லிவிட்டு, சுருட்டியிருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டார். குழந்தையைப் பார்த்தபடியே இரு கைகளையும் முன்னால் நீட்டி ஏந்தினார். வெறும் காற்றை மெல்ல ஏற்றினார், இறக்கினார், இன்னொரு தரம் ஏற்றினார்.