கொலைகாரன் டாக்டர்

பிள்ளைகளே, இந்த மாதம் நான் படித்தது ஒரு துப்பறியும் நாவல். பார்த்தது உங்களோடு ஒரு கொரியத் தொடர். நேற்று உங்கள் மூவரில் யாரோ அதன் முடிவை முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி டிவியில் ஒட்டிவிட்டதாக நீங்கள் அடித்துக்கொண்டபோது, சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த நீலசந்திரா வீடு எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கே என் அப்பாவும் எதிர்வீட்டுச் செல்வம் மாமாவும் மாத நாவலை மாற்றி மாற்றிப் படிப்பார்கள். மாமாவிடமிருந்து திரும்பும் புத்தகத்தில் பீடி வாசனை அடிக்கும். ஒருமுறை அதன் முதல் பக்கத்தில் பென்சிலால், 'கொலைகாரன் டாக்டர்' என்று எழுதியிருந்தது.

"செல்வம் வேலதான். இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்றார் அப்பா.

பேச்சு நின்றது. ஆம்பூரிலிருந்து வந்த மாமாவுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. அந்த ஊர் பஸ் போர்டெல்லாம் கன்னடம்; மாமா வேலை பார்த்த பீன்யாவுக்குப் போகும் பஸ்ஸை அப்பாதான் போர்டு பார்த்துச் சொல்வார். தனியாகப் போன மாமா தப்பான பஸ் ஏறி, வேலைக்குப் போகாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பேசலன்னா போவுதுண்ணா. போர்டையாவது படிச்சுச் சொல்லு."

அப்பா புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். 'டாக்டர்' என்பதில் முதல் எழுத்து கன்னடத்தில் இருந்தது. கோபத்தில் அதைக் கவனித்திருக்கவில்லை. மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினார். கன்னடப் பள்ளியில் படித்த அம்மா, நாவல் படிக்கத் தனக்கு நேரமே இல்லை என்பவர்.

"மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு," என்றார் அம்மா, திரும்பாமல். "அதப் போயி ரெண்டு பேரும் மாசம் முழுக்கப் படிக்கிறீங்க."

உங்கள் அம்மாவும் அந்தத் தொடரைப் பார்ப்பதே இல்லை என்கிறாள். நான் நம்பவில்லை.