சீட்டாட்டம் இல்லாத கணினி

ஓடும்போது தூக்க முடியாத பொருள் வீட்டில் இருக்கக்கூடாது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனத்தோடு சனமாக நடந்துவந்த தேவராசா மாஸ்டரின் சட்டம் இது. கண்டிப் பக்கம் கெலிஓயாவில் பளீலின் கடைக்கு மேல்மாடியில் குடியேறிப் பல வருடமாகியும் அதை அவர் தளர்த்தவில்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரை. மனைவி றீற்றா மூன்றாவது கதிரை வாங்கி வந்தபோது, அதைக் கீழே பளீலுக்குக் கொடுத்துவிட்டார்.

கணினிக்கும் அதே சட்டம்தான். ரியூசன் பிள்ளைகளுக்குக் கணக்கு வினாத்தாள் அடிக்கப் பழைய பெட்டி ஒன்று வாங்கி லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தார். கூடவே வந்த பாட்டு, படம், சீட்டாட்டம், சதுரங்கம் எல்லாவற்றையும் முதல் வாரமே நீக்கினார். ஒன்றை நீக்கினால், அதற்குத் துணையாக வந்து இனி வேலையில்லாமல் கிடப்பவற்றையும் தேடிப் பிடித்து நீக்குவார். இயங்குதளத்தின் கருவான கேர்னலைப் புதுப்பிக்கும்போது தங்கிவிடும் பழையவற்றில் ஆபத்து அந்தரத்துக்கென்று ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். மாதமுடிவில் இந்தத் துப்புரவு தவறாது. சின்ன வன்தட்டிலும் பெட்டி சுணங்காமல் ஓடியது.

“அது நல்லா ஓடுது. வாற சனம்தான் நிண்டுகொண்டு கதைக்குது,” என்பாள் றீற்றா.

இரண்டாயிரத்தேழில் ஒரு ஞாயிறு காலை வீடுவீடாகத் தேடும் சுற்றிவளைப்பு. வீட்டுக்காரர் என்று பளீலையும் கூட்டிக்கொண்டு ஒரு பொலிஸ் சார்ஜன்ட்டும் இரண்டு சிப்பாய்களும் மேலே வந்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதைப் பார்த்த சார்ஜன்ட், கணினியைப் போடச் சொன்னார். வெறும் திரை வந்தது. ஒரு குடும்பப் படம்கூட இல்லை.

“கேம் ஒன்றும் இல்லையா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்,” என்றார் மாஸ்டர், அதே மொழியில். வாயை விட்டுப் போன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவருக்கு உறைத்தது.

“எதற்காக அழித்தாய்?”

“தேவையில்லை.”

பெட்டியைக் கழற்றச் சொன்னார் சார்ஜன்ட். அதோடு மாஸ்டரும் வர வேண்டும். விசாரணைக்குப் போகிறவர் எப்போது திரும்புவார் என்று அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை.

றீற்றா குறுக்கே வந்தாள். பாதி சிங்களம், பாதி தமிழ். “சேர், இந்த மனுசன் என்ர கதிரையையும் தூக்கிக் குடுத்தவர். குசினியைப் பாருங்கோ. ரெண்டு கோப்பை, ரெண்டு பேணி. ஒரு பானை.”

“கதிரை என் கடையில்தான் இருக்கிறது, சேர். தினமும் நான்தான் அதில் உட்காருகிறேன்,” என்றார் பளீல் நல்ல சிங்களத்தில்.

சார்ஜன்ட் குசினிக்குள் போனார். கோப்பைகளைப் பார்த்தார். பானையின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பெருக்கிய தரைதான் இருந்தது. நிமிர்ந்து றீற்றாவிடம், “இந்த ஆளோடு எப்படிச் சீவிக்கிறீர்கள்?” என்றார்.

“அதைத்தான் சேர் நானும் கேக்கிறன்.”

சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். பெட்டியை வைத்துவிட்டுப் படியிறங்கினார்கள்.

பளீல் மட்டும் வாசலில் நின்றார். “மாஸ்டர், ஒரு கேம் சரி போட்டு வைங்க. வெறும் ஊடு எண்டா யாருக்கும் சந்தேகம் வரும்.”

அன்றே சீடியைப் போட்டுச் சீட்டாட்டத்தைத் திரும்ப நிறுவினார். கட்டிக்கொடுத்துவிட்ட மகளின் கல்யாணப் படம் ஒன்றும் திரையில் ஏறியது.

மாதமுடிவில் வழக்கம்போலத் துப்புரவுக்கு உட்கார்ந்தார். பாவனையில் இல்லாதவை என்று தேடிக்கொண்டே போன கை, சீட்டாட்டத்தில் வந்து நின்றது. மூன்று நாலு வாரமாகச் சுற்றிவளைப்பும் இல்லை.

“அதில கை வையாதேங்கோ,” என்றாள் றீற்றா குசினியிலிருந்து. “நான் பாதி ஆட்டத்தில விட்டிட்டு வந்தனான்.”