கிப்லாவும் இரண்டு கல்குலேட்டர்களும்

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய சயன்டிஃபிக் கல்குலேட்டர்கள் இருக்கின்றன. "கடை போடப் போறியளோ?" என்று கணவர் கேட்பார். உயர்தரம் வரைக்கும் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் புரட்டியே கணக்குச் செய்தவளுக்கு, கம்பஸுக்குப் படிக்கப் போய் முதல் கல்குலேட்டர் கைக்கு வந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்பது அவருக்கு விளங்காது. அது இன்னும் வேலை செய்கிறது. இழுத்து மூடும் கெட்டியான உறை, அமத்தினால் விரலுக்குத் தெரியும் பொத்தான்கள். முப்பதின் சைன் வேண்டுமென்றால் முப்பதை முதலில் அடித்து, பிறகுதான் சைனை அமத்த வேண்டும். புதியவற்றில் எல்லாம் மறுபக்கம். என்னைக் கேட்டால் அவைதான் தலைகீழ்.

எனக்கு மட்டுமே இந்தப் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவே இருக்கிறது. கல்யாண வீட்டுப் படம் போடுவதுபோல ஆளாளுக்குப் பழைய கல்குலேட்டர்களின் படம் போடுகிறார்கள். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பியும் அதில் இருக்கிறான். ஆனால் அவன் புதிய மொடல்களின் கட்சி.

உம்மா என்னோடு எங்கள் ஊரான சாய்ந்தமருதில் இருக்கிறார். சீனி வருத்தம் கண்ணைக் கொண்டு போய்விட்டது. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் யாராவது தோளைப் பிடித்து, மக்கா இருக்கும் கிப்லாத் திசைக்குத் திருப்பிவிட வேண்டும். ஒருநாள் வீட்டில் ஆளில்லாத நேரம் தானாகவே நின்று தொழுதிருக்கிறார். அலுமாரியைப் பார்த்துத் தொழுதார் என்று அப்போது வீட்டுக்கு வந்த என் மகள் சொல்லிவிட்டாள். உம்மா திரும்பவும் தொழுதார். அதன் பிறகு ஆள் வரும்வரை காத்திருப்பார். நான் பாடசாலையில் இருந்து வரப் பிந்தினால் வக்து போய்விடும். எனக்கு அது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

ஆகவே பின்பக்கம் அவருக்கு அறை கட்டியபோது, வழுவழுப்பான டைல்ஸுக்கு நடுவில் சொரசொரப்பான ஒரு கோடு கிப்லாவை நோக்கிப் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன். இரண்டு பக்கமும் காலை வைத்துக் கால் விரலால் தடவிக்கொண்டால் திசை பிழைக்காது. ஒருமுறை பதித்தால் பதித்ததுதான், உம்மாவுக்கு அதைச் சரிபார்க்கக் கண் இல்லை.

லீவில் வந்திருந்த தம்பி போனில் திசைகாட்டியைத் திறந்தான். முள் ஜன்னலடியில் ஒரு பக்கமும் சுவரடியில் இன்னொரு பக்கமும் காட்டியது, கொங்கிரீட்டுக்குள் கம்பி அல்லவா. மேசன் முந்தின நாளே உச்சி வேளையில் தூக்குக்குண்டின் நிழலைப் பார்த்து வடக்கைக் குறித்து, நூல் பிடித்து அறைக்குள் கொண்டு வந்திருந்தார். மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் எத்தனை பாகை சரிய வேண்டும் என்பதுதான் மிச்சம்.

நான் என் பழையதை எடுத்தேன், அவன் தன் புதியதை. இரண்டிலும் எங்கள் ஊருக்கும் மக்காவுக்கும் உரிய அதே அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்கள்தான். எனக்கு இருபத்துமூன்று தசம் ஏழு வந்தது. அவனுக்கு இருபத்தைந்து தசம் இரண்டு. பெரிய வித்தியாசம் என்றால் எது பிழையென்று உடனே தெரிந்திருக்கும். இரண்டுமே சரிபோல இருந்ததுதான் கரைச்சல்.

"ராத்தா, உங்கட சாமான் கிழடாகிட்டு" என்றான் தம்பி.

மேசன் சீமெந்து குழைத்துவிட்டார். "ஒண்டரப் பாகையில என்ன டீச்சர், அல்லாஹ் ஏத்துக்குவான்."

"அல்லாஹ் ஏத்துக்குவான். எனக்கு மனசு கேக்காதே" என்றேன்.

கோபம் தம்பி மேல்தான். ஆனால் உள்ளுக்குள் பயமும் இருந்தது. இத்தனை வருஷத்து மிஷின், அவன் சொல்வது உண்மையாக இருந்தால்?

முப்பதை அடித்து சைனை அமத்தினேன். அரை வந்தது. "இப்ப உன்ட சாமான்ல போடு" என்றேன். அரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. தம்பி திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான். மேல் மூலையில் எறும்பு அளவில் ஒரு 'ஜி' இருந்தது. கட்டாரில் ஒரு நில அளவையாளர் பாவித்த பழையதை வாங்கியிருக்கிறான். அந்த மனுஷன் செங்கோணத்தைத் தொண்ணூறாக அல்ல, நூறாகப் பிரிக்கும் முறையில் விட்டு வைத்திருக்கிறார். மாற்றியதும் அதுவும் இருபத்துமூன்று தசம் ஏழு என்றது. பழையது வென்றது என்று குழுவில் எழுத ஆசைதான். ஆனால் இரண்டும் ஒன்றையே சொல்லின, புதியது கொஞ்சம் கெதியாகவே சொன்னது.

"சரி, இப்ப பதியுங்க" என்றேன் மேசனிடம்.

சீமெந்து காய்ந்ததும் உம்மாவைக் கூட்டிப் போய்க் கோட்டைக் காட்டினேன். கால் பெருவிரலால் அந்தம் வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு தேநீர் கேட்டார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுநாள் விடியற்காலை என் அறைக் கதவு தட்டப்பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உம்மா நின்றார், தொழுகை உடுப்போடு.

"நான் சுபஹ் தொழுதிட்டன். நீ இன்னும் எழும்பல்லியா மகள்? வக்து போகுது."