அம்மா மானுக்கு விட்ட பொட்டு

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் இந்தச் சிறிய நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது.

இப்படியான மலர்களில் மறைந்தவரைப் பொறுமையின் வடிவம் என்று எழுதுவது எங்கள் வழக்கம். அம்மாவை அறிந்த நீங்கள் அதை வாசித்தால் சிரித்துவிடுவீர்கள். பேருந்து இரண்டு நிமிடம் பிந்தினால் அம்மா நடக்கத் தொடங்கிவிடுவார். சோறு அவிய முன் மூன்று தரம் மூடியைத் திறந்து பார்ப்பார். அப்படிப்பட்டவர் தன் கடைசி வருடங்களில் ஒரு சரிவு நிலத்தின் ஓரத்தில் மணிக்கணக்காக அசையாமல் இருந்து மான் பார்த்தார். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன். ஆனால் அப்பா, "பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம் எல்லாம் முதலிலை எழுது பிள்ளை, பிறகு மானைப் பற்றி எழுதலாம்" என்று சொல்லியிருக்கிறார். அப்படியே செய்கிறேன்.

அம்மா வலிகாமத்தில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு வீட்டில், ஆறு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டில் ஆடுகள் நின்றன. அவற்றுக்குத் தின்ன இலைக்குழை ஒடித்துக் கட்டுவதும், தாய் சேர்க்காத குட்டிகளைத் தூக்கி வைத்துப் பால் பருக்குவதும் அம்மாவின் பொறுப்பு. இந்த ஆட்டு விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

எண்பதுகளில் அப்பா முதலில் ஜேர்மனிக்கு வந்தார். அம்மா புறப்பட்டபோது தம்பிக்கு ஆறு மாதம், எனக்கு நாலு வயது. கைக்குழந்தையோடு ஒருவர் போகலாம், நடக்கிற பிள்ளையை அந்த வழியால் கூட்டிப்போவது ஆபத்து என்று பயணம் ஒழுங்கு செய்தவர்கள் சொன்னார்கள். என்னைச் சின்னம்மாவின் வீட்டில் விட்டார் அம்மா. ஆறு மாதத்தில் கூப்பிடுவதாகச் சொன்னார். விண்ணப்பமும் விசாவும் இழுபட்டு ஐந்து வருடம் ஆயிற்று. சின்னம்மா என்னை ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தார். அதனால்தானோ என்னவோ, டுசில்டோர்ப் விமான நிலையத்தில் ஒரு பெண் அழுதபடி கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தபோது, நான் நல்ல பிள்ளையாக, "எப்பிடி இருக்கிறியள், அன்ரி?" என்று கேட்டேன்.

அம்மா அதை ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. நான்தான் மறக்கவில்லை. இலேசில் கோபம் தீருகிற ஆள் நான் அல்ல. அது உங்களில் பலருக்கு அனுபவத்தில் தெரியும். வீட்டில் சண்டை பிடித்தேன் என்றில்லை. மரியாதையாக இருந்தேன். ஒரு தாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

வந்து இரண்டு வருடத்தில் நான் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். வைத்தியர், அலுவலகம், தம்பியின் பள்ளிக்கூடம், எங்கே டேர்மின் என்று நேரம் குறித்துக் கூப்பிட்டாலும் அம்மாவோடு நான் போவேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை கிடைத்தபோதும் பக்கத்தில் இருந்து பேசியது நான்தான். யோசித்துப் பார்த்தால் அம்மாவோடு நான் பேசிய பேச்சில் முக்கால்வாசி மற்ற ஆட்களின் வசனங்கள்.

இனி நிலம். இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து ஓரிரு வருடத்தில், அம்மாவோடு சலவைக்கூடத்தில் வேலைசெய்த ஒரு ஜேர்மன் அம்மையார், தன் தகப்பனார் விட்டுப்போன நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று எங்களுக்கு விற்றார். வூப்பெற்றால் நகருக்கு வெளியே, காட்டோரமாக, இடுப்பளவு புல்லும் ஏழெட்டுக் கிழட்டு அப்பிள் மரமும் துருப்பிடித்த முட்கம்பியும் உள்ள சரிவு. அப்பா அதில் கத்தரியும் மிளகாயும் போட இருந்தார். கோடையில் கிறில் போட்டுச் சுட்டுச் சாப்பிட நல்ல இடம் என்று மற்ற எல்லோரும் சொன்னீர்கள்.

முதல் வருடம் யூன் மாதம் புல்லு வெட்டப் போனோம். அப்பாவும் தம்பியும் இரவல் மெசினைத் தள்ள, அம்மா முன்னால் கல்லுப் பொறுக்கிக்கொண்டு போனார். திடீரென்று கையை உயர்த்தினார். புல்லுக்குள் ஒரு மான்குட்டி சுருண்டு கிடந்தது. முதுகில் வெள்ளைப் புள்ளிகள். ஆளைக் கண்டும் ஓடவில்லை, கத்தவும் இல்லை. சுற்றிப் பார்த்தோம், தாயைக் காணவில்லை.

"தாய் விட்டிட்டுப் போட்டுது போலை," என்றார் அப்பா.

"ஐயோ பாவம், பால் இல்லாமல் செத்துப்போம்," என்று அம்மா ஒரு கணமும் யோசிக்காமல் அதைத் தூக்கிச் சால்வையில் சுற்றினார். நான் மறிக்கவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்று பின்னேரம் எங்கள் மூன்றாம் மாடிக் குசினியில் மான்குட்டிக்கு அம்மா போத்தலில் பால் பருக்கினார். ஆட்டுக்குட்டிக்குச் செய்வதெல்லாம் செய்தார். இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலை தம்பி வேலையிடத்தில் பெருமையாகச் சொல்லப்போக, அவர்கள் பதறி, அந்தப் பகுதி வேட்டைக்காரரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்கள். அவர் உடனே குட்டியை எடுத்த இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அறுபது வயது இருக்கும், பச்சைத் தொப்பி. ஆள் மணம் போகக் குட்டியின் உடம்பில் புல்லைத் தேய்த்து, பழைய இடத்தில் படுக்க வைத்து, எங்களைத் தூரக் கூட்டிக்கொண்டு போனார். எங்களை ஏசவில்லை. ஆறுதலாகச் சொன்னார். நான் வசனம் வசனமாகத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன்.

"குட்டிக்கு மணம் இல்லையாம், அம்மா. தாய்க்குத்தான் மணமாம். தாய் கிட்ட நிண்டால் நரி மணம் பிடிச்சு வருமாம்."

"ஓம்."

"அதாலை பால் குடுக்க மட்டும் வந்திட்டு, தள்ளிப் போய் நிக்குமாம். விட்டிட்டுப் போறேல்லையாம். நேற்று நாங்கள் தூக்கேக்கையும் அங்கை காட்டோரத்திலை நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டிருக்குமாம். பிள்ளையைக் காப்பாத்தத்தான்..."

அந்த வசனத்தை என்னால் முடிக்க முடியவில்லை. எத்தனை அலுவலகத்தில் எத்தனை கடுமையான கடிதங்களைத் தடங்கலில்லாமல் மொழிபெயர்த்த வாய் அது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிறகு குட்டி தாயோடை சேருமோ எண்டு கேள்."

கேட்டேன். நாலு கிழமையில் கால் உறுதியானதும் தாயின் பின்னால் போகும் என்றார்.

"சேருமாம், அம்மா."

"கோவிக்காதோ?"

அந்தக் கேள்வியை நான் ஜேர்மன் மொழியில் கேட்கவில்லை. அது அவருக்கான கேள்வி இல்லை. எனக்கான கேள்வி என்று தெரிந்தும் நான் மறுமொழி சொல்லவில்லை. வேட்டைக்காரர் அம்மா என்ன கேட்டார் என்று விசாரித்தார். நன்றி சொல்கிறார் என்று பொய் சொன்னேன்.

இரண்டு நாளில் குட்டி அந்த இடத்திலேயே செத்துக் கிடந்ததாக வேட்டைக்காரர் தொலைபேசியில் சொன்னார். எங்கள் பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அப்பாவிடம், "இஞ்சேருங்கோ, அந்தக் காணி இனி மானுக்கு. கத்தரிக்காயைக் கடையிலை வாங்குவம்" என்றார். அப்பா என்ன சொல்லியும் எடுபடவில்லை.

அந்த வேட்டைக்காரரை அம்மா "வேட்டைக்கார ஐயா" என்றே கூப்பிட்டார். அவரிடம் கேட்டுக் கேட்டு வேலையைத் தொடங்கினார். முதலில் முட்கம்பியைச் சுருட்டி எடுத்தோம். அந்த வேலையில் கிழிபடாத கை எங்கள் வீட்டில் இல்லை. பிறகு காட்டோரத்தில் ஹாசல் பற்றைகளும் முட்செடிகளும் காட்டு ரோசாவுமாக உயிர்வேலி வைத்தார். வேலி வைப்பதில் யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஓரடிக்கு வழக்குப் பேசுகிற ஆட்கள் நாங்கள். ஆனால் அம்மா தன் வேலியில் மூன்று இடத்தில் தானே பொட்டு விட்டார், அந்த இடைவெளியால் மான் புகுந்து வரட்டும் என்று. "காசு குடுத்துக் காணி வாங்கி, வேலியும் போட்டு, அதிலை பொட்டும் விட்ட ஒரே ஆள் நீர்தான்" என்று அப்பா போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒருமுறை பழைய பழக்கத்தில் குழையை ஒடித்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஐயா கண்டுவிட்டு, தீன் போடக்கூடாது, நிலத்தில் தானாக வளரவேண்டும் என்றார். அதன் பிறகு புல்லுக்கு நடுவே மான் விரும்பித் தின்கிற குளோவர் செடி விதைத்தார். ஒரு மூலையை வெட்டாமல் பற்றையாக வளர விட்டார். மழைநீர் நிற்கிற பள்ளத்தை இன்னும் கொஞ்சம் தோண்டி வைத்தார். அப்பா களவாக ஒரு வரிசை போஞ்சி போட்டிருந்தார். அதை மான்கள் அடியோடு தின்று முடித்தன.

புல்லு வெட்டுகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் கம்புகளை நட்டு அதில் துணி கட்டவேண்டும் என்பதும் ஐயா சொன்னதுதான். காற்றில் துணி ஆடுவதைக் கண்டால் தாய்மான் குட்டியை வேறிடத்துக்குக் கூட்டிப்போய்விடும். அம்மா தன் பழைய சேலைகளைக் கட்டினார். அரக்கு, மஞ்சள், கிளிப்பச்சை என்று சரிவு முழுக்கச் சேலை பறந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் என்ன பண்டிகை என்று கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த நாள் மெசின் தொட முன் நாங்கள் எல்லோரும் வரிசையாக, கை எட்டும் தூரத்தில், புல்லை விலக்கி விலக்கி நடக்கவேண்டும். வெட்டுவதும் நடுவிலிருந்து வெளியே போகத்தான், உள்ளே நிற்கிற உயிர் ஓட வழி இருக்கவேண்டும் என்பதற்காக. கிறில் சாப்பாட்டுக்கு என்று வந்து புல்லுக்குள் நடந்து காலில் முள் குத்துப்பட்ட மருமக்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள்.

அம்மாவின் ஜேர்மன் மொழி வளர்ந்ததும் அங்கேதான். சலவைக்கூடத்து மனிசி ஒருவர், றே என்கிற எங்கள் சின்ன மான், ஹிர்ஷ் என்கிற பெரிய கொம்பு மானின் பெண்சாதி என்று சொல்லப்போக, அம்மா விடவில்லை. "அது மான், இது மரை. ரெண்டும் வேறை வேறை" என்று தமிழில் தொடங்கி ஜேர்மன் மொழியில் முடித்தார். அன்று என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை.

ஐயா இலையுதிர்காலத்தில் மான் சுடுகிறவர்தான். அது அம்மாவுக்குத் தெரியும். எங்கள் காணியில் பரண் கட்டவேண்டாம் என்று மட்டும் கேட்டார், அவரும் கட்டவில்லை. ஒரு வருடம் இறைச்சி கொண்டுவந்து தந்தபோது அம்மா கும்பிட்டுவிட்டு வாங்காமல் விட்டார். அவருக்கு மனவருத்தம் இல்லை. அதன் பிறகு வரும்போதெல்லாம் அவருக்கு இங்கே வடை கிடைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் வயிற்றில் நோய் கண்டார்கள். அந்த அறையிலும் நான்தான் மொழிபெயர்த்தேன். வைத்தியர் சொன்னதில் பாதியைச் சொல்லாமல் விட்டேன். அம்மா, "மிச்சத்தையும் சொல்லு பிள்ளை, எனக்கு இப்ப கொஞ்சம் விளங்கும்" என்றார்.

இந்த வருடம் யூன் மாதம் அம்மாவால் நடக்க ஏலாமல் போயிற்று. சேலைகளைத் தம்பி கட்டினான். காலையில் அம்மாவைக் கம்பளியால் போர்த்து, அப்பிள் மரத்தடியில் மடக்குக் கதிரையில் இருத்திவிட்டு, நாங்கள் வரிசையாக நடந்தோம். மேல் மூலையில், வெட்டாமல் விடுகிற பற்றைக்குப் பக்கத்தில், ஒரு குட்டி கிடந்தது. என் காலிலிருந்து இரண்டு அடி. அது என்னைப் பார்த்தது. காது மட்டும் அசைந்தது. நான் குனியவில்லை. அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டு, இந்தப் பக்கம் இன்று மெசின் வராது என்று தம்பிக்குச் சைகை காட்டிவிட்டு அம்மாவிடம் வந்தேன்.

"இருக்குதோ?"

"ஓம் அம்மா, இருக்கு."

"தொட்டனியோ?"

"இல்லை."

"தாய்?"

வேலியைப் பார்த்தேன். நடுப் பொட்டுக்கு அப்பால் இலைகளுக்குள் ஒரு முகம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கையால் காட்டினேன். அம்மா கனநேரம் பார்த்தார். அப்போது நான் சொன்னேன், "அது கோவிக்காது, அம்மா."

அம்மாவுக்கு எந்தக் கேள்வியின் மறுமொழி அது என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்டைக்குக் கேட்டதுக்கு இண்டைக்குத்தான் சொல்லுறாய். நல்ல கெதி, நல்ல வேகம்தான்," என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று நாங்கள் இருவரும் ஒரு வசனமும் மொழிபெயர்க்காமல் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து வருடமும் ஒவ்வொரு நாளும் அம்மா என்ன செய்தார் என்று எனக்குச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

இலையுதிர் காலத்தில் அம்மா வீட்டிலேயே, அப்பாவும் தம்பியும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார்.

நோயில் அம்மாவைத் தாய்போலப் பார்த்த தாதிமாருக்கும், மாறி மாறிச் சமைத்துக் கொண்டுவந்த அக்காமாருக்கும், கிரியைகளைச் செய்து தந்த ஐயருக்கும், தூர இடங்களிலிருந்து ரயில் ஏறி வந்தவர்களுக்கும், ஊரிலிருந்து தொலைபேசியில் எங்களோடு சேர்ந்து அழுத சின்னம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேட்டைக்கார ஐயாவுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். இறுதிக் கிரியை நாளில் அவர் அம்மாவின் பெட்டியில் ஒரு பச்சைக் கிளையை வைத்ததைப் பலர் கண்டு என்னவென்று கேட்டீர்கள். தங்களில் ஒருவர் போனால் வேட்டைக்காரர் அப்படி வைப்பார்களாம். அம்மா நட்ட வேலியில் ஒடித்த ஹாசல் கிளை அது. அப்பா மட்டும் யாரையும் கேட்கவில்லை. "குழை கொண்டந்திருக்கிறார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறோம். காணி விற்கப்படாது, பொட்டு மூன்றும் அப்படியே இருக்கும். வருகிற யூன் மாதமும் சேலை கட்டுவோம், வரிசையாக நடப்போம். நீங்களும் வாருங்கள், சாப்பாடு உண்டு. நடக்கும்போது புல்லுக்குள் ஒரு குட்டியைக் கண்டால் தனியே கிடக்கிறதே என்று தூக்கிவிடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் நிற்கும்.