அக்காவின் பேச்சும் குறுக்கே நின்ற தம்பியும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத வேண்டும் என்று வீட்டில் சொன்னபோது பாசத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் பொறாமை. அதையே எழுதுகிறேன், உறவுகள் மன்னிக்க வேண்டும்.

பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அக்கா பிறந்தார். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோனது. காது கேளாதோருக்கான தூரத்து விடுதிப் பாடசாலையில் எழுதப் படிக்கக் கற்றார். அப்பா இறந்ததும் திரும்பி வந்து கொழுந்து பறிக்கப் போனார். முப்பது வருடம் பறித்தார். என் படிப்பும் கல்யாணமும் அந்தக் கையால் நடந்தவை. படிப்பு ஏறாதது அந்தக் கையின் குற்றமல்ல.

வீட்டில் எங்களுக்கென்று ஒரு கைப்பேச்சு இருந்தது. மீசையை முறுக்கினால் கங்காணி, தொப்பியைத் தொட்டால் அவருக்கும் மேலே தோட்டத்தை மேய்க்கும் கண்டாக்கு. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் நானும் போவேன். "தம்பியக் கூப்பிடுங்க, அவரு சொன்னாத்தான் வெளங்கும்" என்று டாக்டரே சொல்வார். எனக்கு நெஞ்சு விரியும். அக்கா இரண்டு கையசைவில் முடித்ததை நான் பத்து நிமிடம் பேசுவேன். அதில் ஒன்பது நிமிடம் என் சொந்தச் சரக்கு.

கொழும்பில் வேலை செய்யும் என் மகள் ஒரு தீபாவளிக்கு அத்தைக்குப் போன் கொண்டுவந்தாள். அப்பனுக்கு ஒரு சட்டை. அந்தப் போனில் அக்கா எழுதினால் அது சத்தமாகப் படித்தது. எதிரில் இருப்பவர் பேசினால் எழுத்தாகக் காட்டியது. ஒரே வாரத்தில் என் உத்தியோகம் போய்விட்டது.

அதைவிடக் கொடுமை, வீடியோ அழைப்பு. விடுதியில் கூடப் படித்த தோழிகளோடு அக்கா தினமும் கையால் பேசுவார். அது முறையான சைகை மொழி. அதன் முன்னால் என்னுடையது மழலை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "என்னாவாம்?" என்று கேட்டால், "ஒனக்கு வெளங்காது, பெரிய கதை" என்று எழுதிக் காட்டுவார்.

அந்தத் தோழிகளில் ஒருவர் ராகலையில் இருக்கிறார். ஒரு நாள் அவருடைய அம்மா வீட்டில் விழுந்துவிட்டார். அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தால் பேச வேண்டும். அந்தத் தோழியால் பேச முடியாது. மழையில் ஓடி லயம் லயமாகக் கதவைத் தட்டினார். ஆள் வருவதற்குள் அம்மா போய்விட்டார்.

அன்றிலிருந்து அக்கா ஓயவில்லை. ஆபத்துக்கு எழுதி அனுப்ப ஓர் எண் வேண்டும், ஆஸ்பத்திரியில் கூப்பிடும் இலக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கடிதம் கடிதமாக எழுதினார். ஒரு வருடம் கழித்துப் பிரதேச செயலகத்தில் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாரானேன். "நீ த்ரீவீல ஓட்டினா போதும், நாந்தான் பேசுவேன்" என்று எழுதிக் காட்டினார்.

இனி எழுதப்போவது அக்காவுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் புதிது. அன்று காலை, போன் சார்ஜில் இருந்தபோது சுவிட்சை அணைத்தது நான்தான்.

கூட்டத்தில் போன் இரண்டு வசனம் பேசிவிட்டு அணைந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். "ஐயா, அக்கா என்னா சொல்ல வர்றாங்கன்னா..."

அக்கா மேசையில் ஓங்கி அடித்தார். எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் தாள் வாங்கி எழுதினார். கிளார்க் வாசித்தார்: "தம்பி நல்லவன். ஆனால் அவன் பேசுவது என் பேச்சு இல்லை. நான் எழுதுகிறேன், கொஞ்சம் இருங்கள்."

இருந்தார்கள். பெரிய உத்தியோகத்தர்கள் எல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அக்கா எழுதி முடிக்கும்வரை சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். விரலால் சுவிட்சை அணைப்பதுபோல் காட்டினார். என் மண்டையில் நறுக்கென்று ஒரு கொட்டு. பிறகு சிரித்துவிட்டார்.

சில மாதத்தில் ஆஸ்பத்திரியில் இலக்கப் பலகை வந்தது. எழுதி அனுப்பும் எண்ணும் வந்தது. அதில் முதல் செய்தி அனுப்பிப் பார்த்தவர் ராகலைத் தோழி.

கடைசி மாதம் அக்கா நெஞ்சு நோயோடு வார்டில் இருந்தார். நேர்ஸ் ஒருநாள் என்னிடம், "ஒங்க அக்கா பயங்கர ஜோக் அடிப்பாங்களே, வார்டே சிரிக்குது" என்றார். இந்தக் குடும்பத்தில் ஜோக்கர் நான்தான் என்று ஐம்பது வருடமாக நம்பியிருந்தேன். அக்காவின் ஜோக்கையெல்லாம் வழியிலேயே கொன்றுபோட்டவன் நான் என்று அன்றுதான் விளங்கியது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்மாருக்கும் அந்த நேர்ஸுக்கும், தாள் கொடுத்து வாசித்த கிளார்க்குக்கும், பாடைத் தேர் கட்டித் தூக்கிய லயத்து இளைஞர்களுக்கும், போன் வாங்கிக் கொடுத்த என் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மகளுக்கு மட்டும் கொஞ்சம் மனக்குறையோடு.

ஆண்டுத் திதிக்கு அக்காவின் தோழிகள் ராகலையிலிருந்தும் நோட்டன் பிரிட்ஜிலிருந்தும் வருகிறார்கள். கையால் அக்காவைப் பற்றிப் பேசுவார்கள், சிரிப்பார்கள். நீங்கள் பழைய பழக்கத்தில் என் முகத்தைப் பார்ப்பீர்கள். எனக்கும் நாக்கு துறுதுறுக்கும். என்னைக் கேட்காதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எழுதி, அவர்களிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கும் வந்து சொல்லுங்கள். அக்காவின் கதை ஊருக்கெல்லாம் தெரிந்து, கூடப் பிறந்த எனக்கு மட்டும் தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

— தம்பி