மூன்று டின் ஈயக் குண்டுகள்

மழை ஓயாத மாதங்கள். வேலை முடிந்ததும் செலண்டார் டவுனிலிருந்து நேரே துப்பாக்கிச் சுடும் கிளப்புக்குப் போய்விடுவேன். செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு நடுவே அதன் தகரக் கூரை இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்கடியில் அரை கிராம் ஈயத்தை எடை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏர் ரைபிள் குண்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். தராசில் வைத்தால்தான் குணம் தெரியும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, எண் நிற்கும்வரை மூச்சை அடக்கி, லேசானது, நடுவானது, கனத்தது என்று மூன்று டின்களில் போடுவேன். நடுவானவை மாநில அணித் தேர்வுப் போட்டிக்கு. அணியில் மூன்று இடம். நான்கு வருடமாக நான் நான்காவது ஆள். வயது ஐம்பத்திரண்டு. வலக்கண் மங்கிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் ஆயுத பூசை. கிளப்பில் தமிழர்கள் ஏழெட்டுப் பேர் மேசை போட்டு, ரைபிள்களை அடுக்கிப் பொட்டு வைத்தோம். சுண்டலோடு வந்த மனைவி என் டின்களையும் படைக்க எடுத்தாள். நான் கை கழுவித் திரும்புவதற்குள் மூன்றும் காலி. குண்டுகள் அத்தனையும் ஒரே தாம்பாளத்தில், சந்தனம் தெளித்து, குவியலாக.

"டின்னு துருப்புடிச்சு அசிங்கமா இருந்திச்சி. அதான் கொட்டிட்டேன்."

லாரி ஓட்டும் நண்பன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "விடுங்கண்ணே. சாமிக்கு எல்லாம் ஒரே வெயிட்டுதான் லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு மாத வேலையை ஒரு சாயங்காலத்தில் கழுவி, துடைத்து, மறுபடி பிரிக்க முடியாது.

மறுநாள் காலை எடை பார்க்காத புதுக் குண்டுப் பெட்டியை உடைத்துத்தான் அறுபது முறையும் சுட்டேன். நான்காவது. பொறுக்கி எடுத்த குண்டுகளால் வருடம் முழுக்க எடுத்த அதே மதிப்பெண். ஒரு புள்ளி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஈயத்தின் மேல் குற்றமில்லை. என் கண்தான். மதிப்பெண் தாளைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் கிளேபாங் சாலையில் நெரிசல். கார் நின்றிருந்தபோது மனைவி கேட்டாள்.

"நான் கொட்டுனதுனாலயா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். வைப்பர் இரண்டு முறை போய்வந்தது.

"இருக்கலாம்," என்றேன்.

"சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டனே."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். முன்னால் நெரிசல் விட்டிருந்தது. வண்டியை எடுத்தேன்.