நாட்டின் பெயர் எழுதிய அட்டை

பிற்பகல் மூன்று பத்துக்கு மகள் தொலைபேசியில் அழைத்தாள். எல்லாம் கோணலாகத் தொடங்கியது அப்போதுதான்.

"அப்பா, எங்க டிரைவரோட கார் பாலத்துல படுத்துருச்சு. நான் ஹோட்டலை விட்டு நகர முடியல. நீங்க ஏர்போர்ட் போய் எங்க விருந்தாளியைக் கூட்டிட்டு வந்துடுறீங்களா?"

எங்கள் வட்டார நாடுகளின் கூட்டமைப்பும், அதில் இன்னும் சேராத ஓர் ஏழை நாடும் தொழிற்பயிற்சி ஒப்பந்தம் ஒன்றைப் பேச மறுநாள் ஜார்ஜ்டவுனில் கூடவிருந்தன. அந்த நாட்டின் அதிகாரியை வரவேற்கும் பொறுப்பு மகளுடையது. அவளுக்கு அது தற்காலிக வேலை. இந்தக் கூட்டம் ஒழுங்காக நடந்தால் நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அதை நினைத்து அவளைவிட நான்தான் அதிகம் தூக்கம் கெட்டிருந்தேன்.

"பேரை வாட்சப்புல அனுப்புறேன், அட்டையில எழுதிப் பிடிங்க. அப்புறம்பா, அந்த ஃபேக்டரி மூஞ்சியை வச்சிக்கிட்டு நிக்காதீங்க லா."

சிரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஜுருவில் ஒரு தொழிற்சாலையின் ஆளெடுப்புப் பிரிவில் எனக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்களை வரிசையில் நிறுத்துவதும் வேனில் ஏற்றுவதும் என் பாடு. அன்று விடுப்பில் சிம்பாங் அம்பாட் வீட்டில் இருந்தேன்.

விருந்தாளியின் பெயர் நீளமாக இருந்தது. பிழையாக எழுதி மகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடுவேனோ என்று பயந்து, நாட்டின் பெயரை மட்டும் பெரிதாக எழுதினேன்.

விருந்தாளி வந்த விமானத்தில் அதே நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்களும் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னிடம் வந்தார்கள். ஒருவன் எழுத்தைத் தொட்டே பார்த்தான். "சானா, சானா" என்றேன். அங்கே போ என்று மலாயில் சொல்லும்போது தொழிற்சாலையில் என் கை எப்படி அசையுமோ அப்படியே அசைந்தது. அவர்களை ஏற்றிப்போக வெளியே ஏஜெண்டின் வேன் நின்றது.

அவர்களோடு என் வயதுக்காரர் ஒருவரும் வந்தார். கசங்கிய சட்டை, தோளில் துணிப்பை, கையில் அந்தப் பையன்களில் யாருடையதோ ஒரு பாஸ்போர்ட். "வணக்கம், நீங்கள்தான்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். முடிக்க விடவில்லை. அவருக்கும் "சானா"தான். அவர் அட்டையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ஒரு பையன் எதையோ கேட்டு அவர் சட்டையை இழுக்க, அவனோடு வெளியே போனார்.

கூட்டம் கரைந்ததும் மகளை அழைத்தேன். "அவர் வரலம்மா."

அவள் விருந்தாளியின் படத்தை அனுப்பினாள். கோட்டும் டையுமாக, அந்தக் கசங்கிய சட்டைக்காரரின் அதே முகம். வெளியே ஓடினேன். வேன் போயிருந்தது.

"பார்த்தீங்களா இல்லையாப்பா?"

"பார்த்தேன். வேனுக்குப் போகச் சொல்லிட்டேன்."

"எந்த வேன்?"

"வேலைக்கு வந்தவங்க வேன்."

"ஏன்பா?"

பதில் என்னிடம் இருந்தது. அவருடைய சட்டையும் நிறமும்தான் காரணம். என் நிறமும் அதுதான். அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

அவருடைய தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. நான் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மேலாளர் கைக்கடிகாரத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு விருந்துக்கு மேசை போட்டாகிவிட்டது. மகள் என் பக்கமே வரவில்லை. அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு தூணோரம் நின்றேன்.

விளக்குப் போடும் நேரத்தில் அந்த வேனே வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கினார். மன்னிப்புக் கேட்டபடி ஓடிய மேலாளரைக் கையமர்த்தினார்.

"உங்கள் கார் வந்திருந்தது. நான்தான் ஏறவில்லை. எங்கள் பையன்கள் தங்கப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நாளைக்கு அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்."

மேலாளர் முகம் தெளிந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அலுவலகக் கார் விமான நிலையத்துக்கு வரவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பிறகு அவர் என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அந்த இடத்தில் எங்கள் நாட்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள் ஒருவர்தான்," என்றார். "அதனால்தான் எல்லாரும் உங்களிடம் வந்தோம்."